நல்லுறவுக்கு முப்பது மணி நேரம்

கல்லூரியின் பின்மதிலை ஒட்டிய அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். முதுகலை சமூகப்பணி படிக்கிற பிள்ளைகள் இருபது வருடமாகக் களப்பணிக்கு அங்கேதான் வருகிறார்கள். ஏழைகளைத் தேடி வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. மதிலில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதில் குனிந்து வெளியே வந்தால் போதும். கல்லூரி திறந்த மூன்றாம் வாரமே கழுத்தில் அட்டையும் கையில் கேள்வித்தாளுமாக வந்து இறங்கிவிடுவார்கள்.

தெருவும் இத்தனை வருடத்தில் நன்றாகத் தேறிவிட்டது. பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள், "அஞ்சு பேரு, சம்பாத்தியம் ரெண்டு பேரு, கக்கூஸ் பொது, தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள், அடுத்த பக்கம் திருப்பும்மா" என்று மளமளவென்று ஒப்பித்துவிடுவார்கள். பேட்டிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட், போட்டோவுக்கு இன்னொன்று. இது எழுதாத சட்டம். இந்தக் கலையில் கைதேர்ந்தவர் முழங்கால் அத்தை. அவருடைய வலது முழங்கால் இதுவரை ஒன்பது ஆய்வேடுகளில் இடம்பெற்றிருக்கிறது.

"என் முட்டிய வச்சு ஒம்போது பேரு பாஸாயிட்டாங்க. முட்டிதான் இன்னும் பாஸாகல" என்பார், பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே.

அப்பேர்ப்பட்ட தெருவிலிருந்து ஓர் ஆள் ஓட்டை வழியாக எதிர்த்திசையில் போனார். படிக்கிறதற்காகப் போனார். சந்தையில் மூட்டை தூக்குகிறவர். காதிடுக்கில் எந்நேரமும் ஒரு பேனா செருகியிருப்பதால் சந்தையும் தெருவும் அவரைப் பேனா என்றே கூப்பிட்டன.

பேனாவுக்கு எழுத்து கைகூடியது முப்பத்தோரு வயதில். இதே துறைப் பிள்ளைகள் தெருவில் முதியோர் வகுப்பு நடத்தினார்கள். மூன்று மாதத்தில் அவர்களுக்கு மதிப்பெண் கிடைத்துவிட்டது. பாடம் பாதி எழுத்துகளோடு நின்றுவிட்டது. கரும்பலகையைத் தலையில் சுமந்துபோய்க் கல்லூரியில் இறக்கிவிட்டு வந்தவரும் பேனாதான். மீதி எழுத்துகளைச் சாக்குகளின் மேல் அச்சடித்திருந்ததிலும் பேருந்துப் பலகைகளிலும் பொறுக்கிக்கொண்டார். அப்புறம் பத்தாவது, பன்னிரண்டாவது, தபால்வழிப் பட்டம் என்று பதினான்கு வருடம் உருண்டது.

அதற்குள் கழுத்து தேய்ந்துவிட்டது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ரெண்டு வருஷம் தூக்கலாம். அதுக்கு மேல தூக்கினா உங்களைத் தூக்க நாலு பேர் வேணும்."

முதுகலைப் படிப்பும் இரண்டு வருடம். முடித்தால் மாவு ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் நாற்காலிக்கு மனுப் போடலாம். அந்த ஆலையில் சாக்கு வாய் தைக்கிற வேலை பார்க்கும் அவர் மனைவிக்கு அந்த நாற்காலியை நன்றாகத் தெரியும். "இப்ப இருக்கவரு ஃபேனுக்கு நேரா தூங்குவாருங்க. நீங்க முழிச்சிட்டு இருந்தாலே போதும், பெரிய சீர்திருத்தம்" என்று சொல்லி அனுப்பிவைத்தாள்.

விடியற்காலை நாலிலிருந்து ஒன்பது வரை லாரிகளில் மூட்டை இறக்குவார். பத்துக்கு வகுப்பு. 'உழைப்பாளர் களைப்பு: காரணங்களும் தீர்வுகளும்' என்ற பாடம் நடந்த அன்று பின் பெஞ்சில் அசந்து தூங்கிவிட்டார். "இந்தப் பொருளில் இவருக்கு ஆர்வமில்லை" என்று பேராசிரியர் குறிப்பு எழுதினார். ஆனால் துறைக்கு அவர்மேல் பெருமை உண்டு. சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் அவர் படத்தைப் போட்டார்கள். கையில் புத்தகத்தோடு அல்ல, தலையில் மூட்டையோடு. கீழே 'எங்கள் மாணவர்' என்று இருந்தது. பெயர் இல்லை. வருகைப் பதிவேட்டில் அவர் எண் பதினேழு. துறையில் அவருக்குப் பெயரும் அதுதான்.

கடைசிப் பருவத்தில் களப்பணிக்கு அவருடைய சொந்தத் தெருவே வந்து விழுந்தது. பேனாவுக்குக் கரும்பு தின்னக் கூலியா என்றிருந்தது. நூற்றிருபது மணி நேரம். வீடு வீடாகப் போனார், எழுதினார், முடித்தார். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் உள்ளதை உள்ளபடி நிரப்பினார். 'பயனாளிகளோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் செலவிட்ட நேரம்' என்ற இடத்தில், 'இல்லை. நான் அங்கே பிறந்தவன்.'

களப்பணி வழிகாட்டி மேடம் சிவப்புப் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார். பேனாவைவிட ஐந்தாறு வயது இளையவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம்.

"பதினேழு, இது என்ன?"

"நல்லுறவு மேடம்."

"இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"புதுசா ஏற்படுத்த வேண்டியது இல்ல மேடம். சின்ன வயசுல என்னைக் குளிப்பாட்டி விட்டதே முழங்கால் அத்தைதான். இதுக்கு மேல என்ன நல்லுறவு?"

"அது உறவு. நான் கேக்கறது தொழில்முறை நல்லுறவு. ஏற்கெனவே பழகினவங்களோட அது உண்டாகாது. அதுக்குப் பேரு இரட்டை உறவு, ஒழுக்க விதியில எட்டாவது பாயின்ட். பாத்ததில்லையா?"

"அப்ப நல்லா தெரிஞ்சவங்களுக்கு நல்லது செய்யக் கூடாதா மேடம்?"

"செய்யுங்க, யார் வேணாம்னா? மார்க் வராது." நோட்டை மூடினார். "நல்லுறவுக்கு முப்பது மணி நேரம் கட்டாயம். மாசக் கடைசிக்குள்ள காட்டலன்னா நான் கையெழுத்துப் போட முடியாது. அடுத்த வருஷம் திரும்பப் பண்ணுங்க, ஒண்ணும் அவசரமில்லையே."

பேனா கழுத்தைத் தடவிக்கொண்டார். அடுத்த வருடம் கழுத்துக்குக் கிடையாது. அதைச் சொல்லலாமா என்று பார்ப்பதற்குள் "பதினெட்டு!" என்று மேடம் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மறுநாள் பேனா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பினார். பெரிய வாசல் வழியாகக் கல்லூரிக்குள் போய், ஓட்டை வழியாக வெளியே வந்து, தன் தெருவுக்குள் புது ஆள்போல நுழைந்தார். முழங்கால் அத்தை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வணக்கம்மா. நான் சமூகப்பணித் துறையிலேர்ந்து வரேன்."

"ஏன்டா மருமகனே, கழுத்து வலி தலைக்கு ஏறிடுச்சா?"

"அத்தே, என்னை யாருன்னே உனக்குத் தெரியாது. ஒரு முப்பது மணி நேரத்துக்குத் தெரியாத மாதிரி இரு."

"முப்பது மணி நேரமா? போன வருஷம் வந்த பொண்ணு மூணே நிமிஷத்துல பழகி, என் தோள்ல சாஞ்சு போட்டோவும் எடுத்துட்டுப் போச்சே!" அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். பயனாளி முகம். "சரி. யாருப்பா நீ? என்ன வேணும்? பிஸ்கட் எங்க?"

பேனா கையை விரித்தார்.

"பிஸ்கட் இல்லாம நல்லுறவு எப்படிடா வரும்? ரெண்டு வருஷமா என்னத்தைத்தான் சொல்லிக் குடுத்தாங்க உனக்கு?"

வீட்டில் மனைவியிடமும் கேட்டுப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போறாராம்மா?"

"போறாருங்க. ரெண்டு வருஷமாத்தான் புத்தி ஒரு நிதானத்துல இல்ல" என்றாள், அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல்.

சொன்னது சொன்னபடி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். சிவப்பு மையில் திரும்பி வந்தது: 'பயனாளிகள் ஒத்துழைக்கவில்லை. பணியாளர் நடிக்கிறார். நேரம்: பூஜ்யம். முன்பழக்கமே இல்லாத ஒரு சமுதாயத்தைத் தேர்வு செய்க.'

பேனா அதையும் தேடிப் பார்த்தார். சந்தைக்குப் பின்னால் இருக்கிற வரிசை வீடுகளுக்குப் போனால், "வா பேனா, அன்னிக்கு எங்க பீரோவை மாடி ஏத்தினது நீதானே" என்றார்கள். பேருந்து நிலையத்தில் மூன்று பேர் அவருக்கு டீ சொன்னார்கள். மருத்துவமனை வாசலில் காவலாளி கழுத்தை விசாரித்தார். இருபத்தைந்து வருடம் ஊரையே தலையில் சுமந்தவனை ஊருக்குத் தெரியாமல் போகுமா? தெரியாத முகம் தேடித் தேடிக் கால் ஓய்ந்து, துறைக் கட்டடத்தின் படியில் வந்து உட்கார்ந்தார். மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்தப் படிக்கு முன்னால் ஒரு சாக்கடை ஓடுகிறது. அதை மூடியிருந்த பலகைக்கல் நாலு வருடத்துக்கு முன்பு உடைந்து உள்ளே விழுந்தது. அன்றிலிருந்து துறையே அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. துறைத்தலைவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தாண்டினார். சமுதாயப் பங்கேற்பில் முனைவர் பட்டம் வாங்கிய பேராசிரியர் பையை முதலில் வீசிவிட்டுத் தாண்டினார். வழிகாட்டி மேடம் கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு தாண்டினார்.

"வழி விடுங்க பதினேழு" என்று சொல்லிக்கொண்டு போனார்.

பேனா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊரில் தன்னைத் தெரியாத ஆட்கள் எங்கே எங்கே என்று அலைந்தோமே, மொத்தமாக ஒரே கட்டடத்தில் அல்லவா இருக்கிறார்கள்! பாடப்புத்தகத்தைப் புரட்டினார். 'சமுதாயம் என்பது ஓரிடத்தில் கூடி வாழ்ந்து, பொதுவான பிரச்சினையைப் பகிர்ந்துகொண்டு, அதைத் தாமாகத் தீர்த்துக்கொள்ள இயலாத மக்கள்.' ஓரிடம், சரி. பிரச்சினை, காலடியில் கிடக்கிறது. இயலாமை, நாலு வருடம். எல்லாம் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது.

துறையையே களமாகக் கேட்டு அவர் எழுதிக் கொடுத்த மனுவைப் படித்த வழிகாட்டி மேடத்துக்குக் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. "எங்களையா?"

"விதிப்படி சரியா இருக்கு மேடம். உங்களோட எனக்கு முன்பழக்கமே கிடையாது. என் பேரு என்னன்னு சொல்லுங்க பாப்போம்."

மேடம் வாயைத் திறந்தார், மூடினார், வருகைப் பதிவேட்டைத் தேடினார். அது அலுவலகத்தில் இருந்தது.

"பரவால்ல மேடம். அதைத்தான் சொல்றேன்."

துறைத்தலைவர் அனுமதி கொடுத்துவிட்டார். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. கல்லூரியின் தரத்தைச் சோதிக்கிற ஆய்வுக் குழுவுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் 'புதுமையான நடைமுறை' என்ற கட்டம் மூன்று வருடமாகக் காலியாகக் கிடந்தது.

இந்த முறை பேனா பிஸ்கட்டை மறக்கவில்லை. ஓர் அட்டைப்பெட்டி நிறைய வாங்கிக்கொண்டு அறை அறையாக ஏறினார். கேள்வித்தாள் தெருவுக்குப் போகிற அதே கேள்வித்தாள்தான். பாடக்குழு கூடாமல் அதில் ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது.

"சார், வீட்டில கழிப்பறை இருக்கா? இருந்தா அதைப் பயன்படுத்தறீங்களா?"

துறைத்தலைவருக்கு முகம் சிவந்தது. "என்னய்யா கேள்வி இது?"

"நீங்க தயாரிச்சதுதான் சார். 'தயக்கமின்றிக் கேட்கவும்'னு அடிக்கோடு வேற போட்டிருக்கீங்க."

"இருக்கு" என்றார் தலைவர் மெல்ல. "பயன்படுத்தறேன்."

அலமாரியைக் குடைந்ததில் சாக்கடைப் பள்ளத்தைப் பற்றிய கடிதங்கள் பதினொன்று கிடைத்தன. எல்லாம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு எழுதியவை. அதைவிடப் பெரிய புதையல் கட்டடத்தின் பின்சுவரில் சாய்ந்து கிடந்தது: புதுப் பலகைக்கல். உடைந்த ஆறாம் மாதமே வார்த்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை எடுத்துப் போடுவது யார் என்பதுதான் பதினொரு கடிதங்களும் கேட்ட கேள்வி. பங்கேற்பு முனைவரும் பக்கத்து அறைக்காரரும் ஓர் அலமாரிச் சாவிச் சண்டையில் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பதும் தெரியவந்தது.

பேனா தன் முடிவுகளை எழுதினார்: 'மக்களிடையே ஒற்றுமை இல்லை. உள்ளூர்த் தலைமை உருவாகவில்லை. எதற்கும் வெளியார் உதவியை எதிர்பார்க்கும் மனப்பான்மை காணப்படுகிறது.' சொந்த வாக்கியங்கள் அல்ல. அவருடைய தெருவைப் பற்றிய பழைய ஆய்வேடுகளிலிருந்து எடுத்தவை. ஒரு கால்புள்ளிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக வழிகாட்டி மேடத்தின் அறை.

"வீட்டில யாராவது குடிப்பாங்களா மேடம்?"

"பதினேழு!"

"கேள்வி நாலு மேடம். அடுத்தது அஞ்சு: அடிப்பாங்களா?"

"அதெல்லாம் இல்ல. அடுத்து."

"உடம்புக்கு ஏதாச்சும்?"

மேடம் பிஸ்கட்டை உடைத்தார். அரைப் பாக்கெட் காலியானதும் குரல் கொஞ்சம் இறங்கியது. "முட்டிதான். நாலு வருஷமா அந்தப் பள்ளத்தைத் தாண்டித் தாண்டியே போச்சு. ஒவ்வொரு தடவையும் பயமா இருக்கு. விழுந்துட்டா பிள்ளைங்க சிரிக்குமேன்னு கண்ணை மூடிக்கறேன்."

பேனா சொன்னது சொன்னபடி எழுதிக்கொண்டார். அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே மேடம்தான்.

கல் போடுகிற நாள் வந்தது. சந்தையிலிருந்து மேஸ்திரியும் மூன்று சுமைக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மேஸ்திரி கல்லைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதுக்கா பதினோரு கடுதாசி? தள்ளுங்கப்பா, டீ ஆறதுக்குள்ள போட்டுட்டுப் போயிடலாம்."

"தொட்டுடாத மேஸ்திரி!" பேனா குறுக்கே விழுந்தார். "நாம தூக்கினா அது வேலை. அவங்க தூக்கினாத்தான் பங்கேற்பு."

ஆகவே பேராசிரியர்கள் தூக்கினார்கள். சுமைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "விழிப்புணர்வு பத்தல சார், இன்னும் குனியணும்" என்று ஊக்கப்படுத்தினார்கள். முழங்கால் அத்தை தன் நாற்காலியை ஓட்டை வழியாக இழுத்துக்கொண்டு வந்து, எழுதத் தெரியாவிட்டாலும் மடியில் ஒரு நோட்டை விரித்து வைத்துக்கொண்டார்.

"இப்ப உங்க மனசுல என்ன தோணுதுங்கய்யா?" என்று துறைத்தலைவரைக் கேட்டார்.

"இடுப்பு... இடுப்பு..."

"எழுதிக்கடா மருமகனே. இடுப்பு."

ஆறு வருடமாகப் பேசாத இருவரும் ஒரே மூலையில் மாட்டிக்கொண்டார்கள். "உங்க பக்கம் சாயுது சார்" என்றார் முனைவர். "சாவி இருக்கற பக்கம்தான் சாயும்" என்றார் மற்றவர். ஒருவழியாகப் பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் கல் பள்ளத்தின் விளிம்புக்கு வந்தது. அங்கே துறைத்தலைவரின் பிடி நழுவியது. நழுவுகிற பாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க எந்தச் சுமைக்காரனாலும் முடியாது. பேனா பாய்ந்து தோளைக் கொடுத்தார். கழுத்தில் ஏதோ சுரீரென்றது. கல் தன் இடத்தில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தது.

மாதக் கடைசி நாள், மாலை நாலு மணிக்குச் சற்று முன்பு. வழிகாட்டி மேடம் அவருடைய களப்பணிப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தார். பேனா கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு எதிரே நின்றார். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடிவிடும்.

"இந்த முட்டி விஷயத்தை எடுத்துடுங்க."

"சொன்னது சொன்னபடி எழுதணும்னு நீங்கதான் மேடம்..."

"சொன்னேன். வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர் இதைப் படிப்பாரே."

"முழங்கால் அத்தை முட்டிய ஒம்போது தேர்வாளர் படிச்சிருக்காங்க மேடம். எடுத்துடுன்னு சொல்ல அவங்களுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுது. எடுத்துடவா?"

மேடம் பக்கத்தைத் திருப்பினார். கூட்டுத்தொகையில் சிவப்புப் பேனா நின்றது. "இருபத்தொன்பதா? ஏன்?"

"கல் போட்டப்ப கடைசியில தோள் குடுத்துட்டேன் மேடம். அது கூலி வேலை. அந்த ஒரு மணி நேரத்தைக் கழிச்சுட்டேன்."

"ஐயோ பதினேழு, சும்மா முப்பதுன்னு போட்டா யாருக்குத் தெரியும்? எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"போட்டிருக்கலாம். ஆனா நான் மொதல்ல இல்லைன்னு போட்டதே உண்மைதான் மேடம். அதனாலதான இவ்வளவும்."

மேடம் சிவப்புப் பேனாவை மூடினார். விதி விதிதான்; அதைச் சொன்னவரே அவர். சுவரில் முள் நாலு மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் இருந்தது.

"அப்ப என்ன பண்றது?"

"ஒரு மணி நேரம் இருக்கு மேடம்" என்றார் பேனா. "சும்மா பேசிட்டு இருக்கலாம்."

நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு வருடத்தில் அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அன்றுதான். பிறகு மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "கழுத்து ஏன் அப்படி ஒரு பக்கமா இருக்கு?"

பேனா சொன்னார். சாக்குகளைச் சொன்னார், மருத்துவர் சொன்ன நாலு பேரைச் சொன்னார், மாவு ஆலை நாற்காலியையும் அதில் தூங்குகிறவரையும் சொன்னார். மேடம் இரண்டு இடத்தில் சிரித்தார். தன் மாமியாருக்கும் கழுத்து வலி என்றார். பெயரைக் கேட்டார். பேனா சொன்னதும் பதிவேட்டின் மேல் பக்கத்தில் பதினேழுக்குப் பக்கத்தில் அதை எழுதினார்.

ஐந்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது இருபத்தொன்பதை அடித்து முப்பது என்று போட்டுக் கையெழுத்திட்டார். முட்டி அங்கேயே இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி மட்டும் சேர்த்தார்: 'பணியாளர் பயனாளிகளிடமிருந்து போதிய தூரம் கடைப்பிடிக்கவில்லை.' அதற்கு ஐந்து மதிப்பெண் குறையும். ஆனாலும் தேர்ச்சிதான்.

பேனா எழுந்தார். மேடம் எழவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஒண்ணு கேக்கலாமா? என் பதவி உயர்வுக்கு ஒரு ஆய்வுக் கட்டுரை குறையுது. உங்க கழுத்தை எழுதிக்கட்டுமா? பேர் வராது, பயனாளி 'அ'ன்னு போட்டுடுவேன். சம்மதப் படிவம் இதுதான்." பேசிக்கொண்டே, பதினைந்து வருடப் பழக்கத்தில், கைநாட்டு வாங்குகிற மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார்.

பேனா மைப்பெட்டியைப் பார்த்தார். முதலில் கையெழுத்து விழுந்த பதிவேட்டை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு காதிடுக்கிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். தாளின்மேல் கையை வைத்தவர், எழுதாமல் நிமிர்ந்தார்.

"எழுதிக்குங்க மேடம், அதுக்கென்ன. பிஸ்கட் எங்க?"